ஐந்தாவது சான்றிதழ்

வேலப்பன்சாவடியை நெருங்கும்போதெல்லாம் சுதா கைப்பைக்குள் எதையாவது தேட ஆரம்பித்துவிடுவாள். சாவி, கைக்குட்டை, கண்ணாடிக் கூடு, எது அகப்பட்டாலும் சரி. தலையை நிமிர்த்தினால் நெடுஞ்சாலையின் இடது பக்கத்தில், இருபதடி உயர விளம்பரப் பலகையில், ரேஷ்மா கைகளைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். 'ரேஷ்மா துப்பறியும் நிறுவனம். உண்மை உங்கள் உரிமை.'

"தாண்டியாச்சுக்கா, தலையத் தூக்கலாம்," என்றான் பைக்கை ஓட்டிக்கொண்டிருந்த கஜபதி. "புது போட்டோ மாத்திக்கீறாங்க. இந்தத் தபா பல்லு நாலு கூடுதலா தெரியுது."

"நீ ரோட்டைப் பாரு."

"ரோட்டைத்தான் பாத்துகினு கீறேன். ரோட்டு மேல அவங்க நிக்கறாங்க, நான் இன்னா பண்ண?"

ஒருவரைப் பத்தடி இடைவெளியில் பின்தொடர்வது எப்படி என்று ரேஷ்மாவுக்குக் கற்றுக்கொடுத்ததே சுதாதான். ஆறு வருடத்துக்கு முன்னால், பழைய நிறுவனத்தில். இன்றைக்கு ரேஷ்மாவிடம் பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். டிவியில் வந்து பேசுகிறாள். சுதாவுக்கு மேனாம்பேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை, முன்னாள் கால் டாக்ஸி டிரைவரான கஜபதி, அவ்வளவுதான். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துத் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் வயதை அவள் தாண்டிவிட்டாள்.

நேற்று மாலை பரந்தாமன் என்பவர் போன் செய்து, "ரேஷ்மா நிறுவனம் என்னைக் குற்றவாளின்னு அறிக்கை கொடுத்திருக்கு" என்று சொன்ன அடுத்த நொடி, அவர் முடிப்பதற்குள், "நாளைக்குக் காலையில வர்றேன் சார்" என்று சுதா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. குற்றவாளி என்று ரேஷ்மா சொன்னதாலேயே இந்த மனிதர் நிரபராதியாக இருக்கவேண்டும் என்று மனசு துடிக்கிறது. துப்பறிகிறவளுக்கு இதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது.

பூந்தமல்லி வீட்டில் பரந்தாமன் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்தைந்து. ஆபீஸுக்கு வரவேண்டாம் என்று சொல்லி மூன்று நாள் ஆகியும் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொள்வதை நிறுத்த முடியவில்லை போலிருந்தது. மனைவி திருச்சியில் மகள் வீட்டில் இருந்தாள்.

"அம்பத்தூர் எஸ்டேட்டுல 'நலவாசல்'னு எங்க கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு முன்பதிவு, லேப் ரிப்போர்ட் எல்லாம் எங்க சர்வர் வழியாத்தான் போகும்," என்று ஆரம்பித்தார். "இணையதளத்துப் பேருக்குப் பக்கத்துல பூட்டுப் படம் பாத்திருப்பீங்க. அதுக்குப் பின்னாடி ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கும்மா. தொண்ணூறு நாள்தான் ஆயுசு. அதுக்குள்ள புதுசு வாங்கிடணும். இல்லேன்னா, இந்த இடம் ஆபத்துன்னு சிவப்பா எச்சரிக்கை வந்து யாரையும் உள்ள விடாது. அறுபத்திரண்டு சர்வர். ஆறு வருஷமா ஒவ்வொண்ணுக்கும் நான்தான் கையால வாங்கிப் போட்டேன்."

"அப்புறம்?"

"எழில்னு ஒரு பொண்ணு. மூணே வாரத்துல ஒரு புரோகிராம் எழுதினா. அதுவே நாள் பாத்து, அதுவே கேட்டு வாங்கி, அதுவே மாட்டிக்கும். நான் தொடவே வேண்டாம். போதாததுக்கு, எல்லா சர்வரையும் ஒரு கிளவுடுலேர்ந்து இன்னொரு கிளவுடுக்கு மாத்துற பொறுப்பையும் அவகிட்டயே கொடுத்தாங்க. மாத்தி முடிச்சா அவதான் தொழில்நுட்பத் தலைவர்னு முதலாளி ஹேமநாதன் சொல்லிட்டார்."

"பொறாமைப்பட்டீங்களா சார்?"

பரந்தாமன் சுவரில் தொங்கிய தேதி காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பட்டேன். கேன்டீன்ல எல்லார் முன்னாடியும், இது ஒருநாள் கவுக்கப்போகுதுன்னு சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். ஆனா நான் செய்யலம்மா."

அவருடைய குரலில் இருந்தது சுதாவுக்குப் பழக்கமான குரல். நெடுஞ்சாலையைத் தாண்டும்போது அவளுக்குள்ளே பேசுகிற குரல்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பழைய சர்வர்களைக் காலி செய்தார்கள். திங்கள் காலை ஆறு மணிக்குப் புது இடத்தில் எல்லாம் எழுந்துகொண்டன. எழிலின் புரோகிராம் அறுபத்தொரு சான்றிதழ்களைச் சரியாக வாங்கிவிட்டது. எல்லா ஆஸ்பத்திரிகளும் உள்ளே நுழையும் பிரதான வாசலுக்கு மட்டும் சான்றிதழ் மறுக்கப்பட்டது.

"ஒரே பேருக்கு ஒரு வாரத்துல அஞ்சு சான்றிதழ்தான் தருவாங்க. ஆறாவது கேட்டா கிடையாது. யாரோ போன வெள்ளிக்கிழமையே, தேவையே இல்லாம, அந்த அஞ்சையும் வாங்கித் தீர்த்துட்டாங்க. வாங்கின அஞ்சும் பழைய சர்வரோடயே அழிஞ்சுபோச்சு."

"ரேசன் கடையில நம்ம கார்டுக்கு வேற எவனோ சக்கரை வாங்கிக்கினு பூட்ட மாதிரி," என்றான் கஜபதி.

"அதேதான் தம்பி. பதினோரு மணி வரைக்கும் வாசல் திறக்கல. டயாலிசிஸுக்கு வந்த நாலு பேரை, முன்பதிவு தெரியலைன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. ஒரு அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஐசியூவுல சேர்த்தாங்க. நேத்துதான் கண்ணைத் திறந்தாங்களாம். கடைசியில எனக்குப் போன் பண்ணினாங்க. கூட இன்னொரு பேரையும் சேர்த்துக் கேளுங்க, அப்ப அது பழைய கணக்குல வராதுன்னு சொன்னேன். பத்து நிமிஷத்துல திறந்துடுச்சு. அதுவே எனக்கு வினையாப் போச்சு. இவ்வளவு சுலபமா திறக்கத் தெரிஞ்சவர்தான் மூடியிருப்பார்னு, முதலாளி அமர்த்தின அந்த ரேஷ்மா எழுதிட்டாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு முதலாளி போலீஸுக்குப் போறார்."

சுதா அறிக்கையை வாங்கிப் படித்தாள். தடித்த காகிதம், தங்க எழுத்து. 'வெள்ளிக்கிழமை அதிகாலை 5.22 முதல் 5.49 வரை, பரந்தாமனின் பெயரிலும் கடவுச்சொல்லிலும், ஐந்து சான்றிதழ்கள் பெறப்பட்டுள்ளன. அந்நேரத்தில் அவர் வீட்டில் தனியாக இருந்துள்ளார்.'

"கடவுச்சொல் வேற யாருக்குத் தெரியும்?"

"கீபோர்டுக்கு அடியில ஒட்டி வச்சிருக்கேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"நல்ல பூட்டு," என்றான் கஜபதி. "சாவியக் கதவுலயே ஆணி அடிச்சு மாட்டிக்கீறாரு."

"நேரம் எப்படித் தெரிஞ்சது?"

"உலகத்துல எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் ஒரு பொதுப் பதிவேட்டுல ஏறிடும். யார் வேணும்னாலும் பார்க்கலாம்." பரந்தாமன் தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினார்.

சுதா பட்டியலை மெதுவாகக் கீழே நகர்த்தினாள். ஆறு வருடத்துச் சான்றிதழ்கள் வரிசையாக வந்தன. 4.35. 4.50. 5.05. அவள் விரல் நின்றது.

"இதெல்லாம் நீங்க வாங்கினதா? எத்தனை மணிக்கு ஆபீஸ் போவீங்க?"

"ஒன்பதரைக்கு."

"அப்புறம் எப்படி ஆறு வருஷமா விடியக்காலை நாலரை மணிக்கு வேலை செஞ்சிருக்கீங்க?"

"இல்லம்மா, இதுல இருக்கறது உலகப் பொது நேரம். நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டிக்கணும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று அறிக்கையை எடுத்துப் பார்த்தார். "அடக் கடவுளே. என் பேரைப் பார்த்ததும் மூடி வச்சுட்டேன். நேரத்தைக் கவனிக்கவே இல்ல."

5.22 அதிகாலை இல்லை. வெள்ளிக்கிழமை காலை 10.52.

சுதாவின் நெஞ்சுக்குள் ஒரு தித்திப்பு பரவியது. இருபதடி உயரத்தில் சிரிக்கிறவளுக்கு மணி பார்க்கத் தெரியவில்லை. அந்தத் தித்திப்பை இரண்டு நொடி அனுபவித்துவிட்டு, வெட்கத்தோடு தள்ளி வைத்தாள்.

கஜபதி எழுந்துபோய்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "யக்கா, வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். திருட்டு வேலை பாக்கறவனாவது ஒரு நல்ல நேரம் பாக்க வேணாம்?"

சுதா மறுபடி பட்டியலுக்குப் போனாள். இந்த முறை கிழமையையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனாள். நாற்பது வரி எழுதி, மீதியையும் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு மேல ஒண்ணுகூட இல்ல. புதன்கிழமை மத்தியானம் இல்ல. வெள்ளிக்கிழமை எல்லாமே பத்தேகாலோட முடிஞ்சிருது. சார், ஆறு வருஷத்துல நீங்க ராகு காலத்துல ஒரு சான்றிதழ்கூட வாங்கினதில்ல."

பரந்தாமனின் காது சிவந்தது. "ஒரு பழக்கம்மா. கம்ப்யூட்டர்காரன் இதெல்லாம் பாக்கறான்னு தெரிஞ்சா சின்னப் பசங்க சிரிப்பாங்க. யார்கிட்டயும் சொன்னதில்ல."

"இதை வச்சு போலீஸ் உங்களை விடமாட்டாங்க. 10.52க்கு எங்க இருந்தீங்க?"

அதைச் சொல்லத்தான் அவருக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது. "மேல ஹால்ல எழில் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு புரோகிராமை விளக்கிட்டிருந்தா. மொத்த ஆபீஸும் அங்கதான். என்னால உக்கார முடியல. கேட்டுக்கு வெளியில டீக்கடைக்குப் போயிட்டேன்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் நலவாசல் கட்டிடத்துக்கு நேர் எதிரே அஞ்சலையின் டீக்கடை. வண்டியை நிறுத்தியதும் கஜபதி தன் பங்குக்கு ஒரு சந்தேகத்தை இறக்கி வைத்தான்.

"அந்தப் பொண்ணே சோதனை பண்றேன்னு அஞ்சையும் காலி பண்ணிட்டு, பெருசு மேல பழியப் போட்டுக்கினு கீதோ?"

சுதாவுக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது. வேலை தெரிந்தவர்களும் செய்கிற தவறுதான் அது என்று பரந்தாமனே சொல்லியிருந்தார்.

"போன வெள்ளிக்கிழமை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி போட்ட பெரியவர் இங்க வந்தாரா?" என்று அஞ்சலையிடம் கேட்டாள்.

"மறக்க முடியுமா? அஞ்சு டீ குச்சாருமா அந்த மன்சன்!" அஞ்சலை வடிகட்டியைத் தட்டினாள். "அதோ மாடியில ஜன்னல் தொறந்து கீது பாரு, அங்கேர்ந்து கை தட்ற சத்தம் வரும். ஒடனே, இன்னொரு டீ போடும்மான்னுவாரு. மறுபடியும் தட்டுவாங்க. மறுபடியும் டீ. வவுறு இன்னாத்துக்கு ஆவும்னு கேட்டேன். டம்ளரத்தான் நீட்னாரு. கூட்டம் முடிஞ்சு எல்லாம் எறங்கி வந்தப்பறம்தான் எந்திரிச்சுப் போனாரு."

"எத்தனை தடவை கை தட்டினாங்க?"

"அஞ்சு டீன்னா அஞ்சு தபா."

"போலீஸ்ல கேட்டா சொல்லுவீங்களா?"

"டீயக் குச்சத சொல்றதுக்கு இன்னா பயம்?"

பரந்தாமன் தப்பித்தார். ஆனால் சுதா டம்ளரைக் கையில் வைத்தபடி அந்த மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து கைதட்டல். ஐந்து டீ. ஐந்து சான்றிதழ். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாதவர் ஒருவர்தானா?

நலவாசலின் மாடியில் அவர்களை வரவேற்றவன் விக்ரம். எழிலின் கணவன். அதே கம்பெனியில் குழுத் தலைவன். நாற்காலி இழுத்துப் போட்டான், மின்விசிறியைக் கூட்டி வைத்தான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"எழில் மூணு நாளா சரியா சாப்பிடல மேடம். அந்த ஐசியூ அம்மாவை தினமும் போய்ப் பார்த்துட்டு வரா. பரந்தாமன் சார் இப்படிப் பண்ணுவார்னு நாங்க யாரும் நினைக்கல."

எழிலுக்கு இருபத்தொன்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சுதா சுற்றி வளைக்காமல் கேட்டாள். "வெள்ளிக்கிழமை பத்து ஐம்பத்திரண்டுலேர்ந்து பதினொண்ணு பத்தொன்பது வரைக்கும் நீங்க எங்க இருந்தீங்க?"

"காலையிலயா? அதிகாலைன்னு சொன்னாங்களே?"

"அது தப்பு. காலைதான்."

"அப்ப ஹால்ல மைக்கோட நின்னுட்டிருந்தேன். முப்பது பேர் முன்னாடி."

"நான் வீடியோவே எடுத்திருக்கேன் மேடம்," என்றான் விக்ரம். "பத்தே முக்காலுக்கு ஆரம்பிச்சு, பின்னாடியே நின்னு, ஒரு நிமிஷம்கூட விடாம முழுசா எடுத்தேன்."

"பார்க்கலாமா?"

"எங்கிட்ட இருக்கு," என்று எழில் போனை எடுத்தாள். முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம். "முடிஞ்சதும் இவர் அனுப்பிட்டார். எங்கப்பாவுக்கு அனுப்பினேன். ஆவடியில டாங்க் ஃபேக்டரியில வேலை. குவாட்டர்ஸ்ல ஒரு வீடு விடாம காட்டிட்டார்."

"பாருங்க, நான் காபி சொல்லிட்டு வர்றேன்," என்று விக்ரம் வெளியே போனான்.

வீடியோ ஓடியது. எழில் தயங்கித் தொடங்கி, இரண்டாவது நிமிடத்திலேயே குரல் தெளிந்து பேசினாள். ஐந்தாவது நிமிடத்தில், ஸ்டாண்டில் இருந்த போன் மெல்லச் சரிந்தது. திரையில் கூரையும் சுற்றுகிற மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. பேச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஃபேனு நல்லா நடிக்குது," என்றான் கஜபதி.

எழில் சிரித்தாள். "அப்பா சொன்னார், நடுவுல ஃபேன்தாம்மா தெரியுதுன்னு. எனக்கு முழுசா பார்க்க நேரமே கிடைக்கல."

சுதா சிரிக்கவில்லை. ஒருவரும் போனை நிமிர்த்தவில்லை. வீடியோவை முன்னே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மின்விசிறி. மின்விசிறி. கைதட்டல் கேட்ட இடங்களில் மட்டும் நிறுத்தி, தொடங்கிய நேரத்தோடு கூட்டி மணியைக் குறித்தாள். 10.51. 10.57. 11.03. 11.10. 11.18. அதற்குப் பக்கத்திலேயே பதிவேட்டின் நேரங்களை எழுதினாள். 10.52. 10.58. 11.04. 11.11. 11.19.

பதினொன்று இருபத்தொன்றுக்கு ஒரு கை வந்து போனை நிமிர்த்தியது. எழில் மேடையில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். போனுக்கு மிக அருகில், தனியாக ஒரு ஜோடிக் கைகள் பலமாகத் தட்டின.

சுதா வீடியோவை மின்விசிறிக்கே பின்தள்ளி நிறுத்தினாள். எழில் தாளைப் பார்த்தாள். இரண்டு வரிசையையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணக்கு அவளுடைய தொழில்.

"பின்னாடியே நின்னேன்னு சொன்னான்," என்றாள், மெதுவாக.

கதவு திறந்தது. விக்ரம் தட்டில் நான்கு காபியோடு உள்ளே வந்தான். மேசையில் இருந்த போன் திரையில் மின்விசிறி நின்றபடி உறைந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். தட்டை வைக்க இடம் தேடினான். கஜபதி எழுந்து அதை வாங்கி வைத்தான்.

"விக்ரம், போன் சரிஞ்சு அரை மணி நேரம் கிடந்திருக்கு. நீ எங்க போன?"

"எழில், வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"அந்த அம்மா ஐசியூவுல இருந்தாங்க. இங்கயே பேசு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உன்னை இந்தக் கம்பெனில சேர்த்துவிட்டதே நான்தான். உனக்குப் பதவின்னு முதலாளி சொன்ன அன்னைக்கு எல்லாரும் வந்து எனக்குக் கை கொடுத்தாங்க. எழிலோட ஹஸ்பெண்டுன்னு. என் பேர் மறந்துபோச்சு அவங்களுக்கு." மூச்சை இழுத்து விட்டான். "ஒண்ணோட நிறுத்திக்கலாம்னுதான் பரந்தாமன் சீட்டுக்குப் போனேன். ஒண்ணு வாங்கினா ஒண்ணும் ஆகாது. எழுந்திருச்சேன். கை தட்டினாங்க. மறுபடி உக்காந்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் எழில். அஞ்சாவது தடவை யாரும் தட்டாம இருந்திருந்தா..."

"நான் கீழ விழணும்னு நினைச்சியா?"

"இல்ல. ஒரே ஒரு நாள் தடுமாறணும். எங்கிட்ட வந்து, என்ன பண்றது விக்ரம்னு கேக்கணும்."

"திங்கக்கிழமை காலையில கேட்டேனே."

"கேட்ட." அவன் குரல் உடைந்தது. "எனக்குப் பதில் தெரியல. பரந்தாமனுக்குத்தான் தெரிஞ்சது. அவர் மேல ஏற்கெனவே எல்லாருக்கும் சந்தேகம் இருந்தது. நான் பேசாம இருந்துட்டேன்."

சுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரேஷ்மாவின் அறிக்கை தப்பு என்று காட்டப்போகும் இந்த நிமிடத்தைக் காலையிலிருந்து மனசுக்குள் ருசித்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போது அந்த ருசி இல்லை. அந்த மனிதனைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்திருச்சேன், மறுபடி உக்காந்தேன் என்று அவன் சொன்னது அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அந்நியமாகவே தோன்றவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருந்தா அந்தப் பதவியே வேண்டாம்னு சொல்லியிருப்பேன் விக்ரம்."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

எழில் போனை எடுத்து முதலாளிக்கு அடித்தாள். குரல் நடுங்கவில்லை. "ஹேமநாதன் சார், எழில் பேசறேன். மூணு மணிக்கு நீங்க ஸ்டேஷனுக்குப் போகவேண்டாம்னு நான் சொல்லல. பேரை மாத்தணும். மேல வாங்க, சொல்றேன். அதுக்கு முன்னாடி பரந்தாமன் சாருக்கு ஒரு போன் பண்ணிடுங்க. இல்ல சார், மத்தவங்களை விட்டுப் பண்ணக் கூடாது. நீங்களே பண்ணணும்."

போனை வைத்தாள். படியில் ஹேமநாதனின் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"எழில், ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு. அந்தம்மாவுக்கு இப்படி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு நம்பறேன்." அவள் வீடியோவைப் பார்த்தாள். "நீ இதை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கல, இல்ல? பார்த்திருந்தா இப்படியே எனக்கு அனுப்பியிருக்க மாட்டே."

விக்ரம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எங்கப்பா பதினேழு தடவை பார்த்திருக்கார்," என்றாள் எழில். "அந்த அரை மணி நேர ஃபேனையும் சேர்த்து."